வயிற்றினுள்ளே ஒரு மறைவான ஊற்று

வன்னிப் பெருநிலத்திலே, முள்ளியவளையை அடுத்துள்ள தண்ணீரூற்று, நிலத்தினின்று தானே சுரக்கும் நீரின் பெயரைத் தாங்கிய ஊர். வெளியே சுரக்கும் ஊற்று ஊரை வாழ்விக்கும். பெண்ணின் வயிற்றினுள்ளே, வெளியேற வழியின்றிப் பெருகும் குருதியோ உயிரையே பறிக்கக்கூடும். அரிதாக அதற்குக் காரணமாகும் நோயொன்றைத் தாய்மாரும் மாணவியரும் அறிந்திருத்தல் நன்று.

நோய் யாது?

கருப்பையின் உட்புறத்தை மெல்லிய படலமொன்று போர்த்தியுள்ளது. மாதந்தோறும் தடித்து, கரு தங்காவிடின் குருதியோடு கழிவது அதன் இயல்பு. அதனை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே, சூலகத்திலோ குடலிலோ வளர்வதே எண்டோமெற்றியோசிஸ். மாதவிடாய்க் குருதியில் ஒரு பகுதி பின்னோக்கிச் சென்று வயிற்றறையில் படிவதால் இது தோன்றலாமென அமெரிக்க மருத்துவர் ஜோன் சாம்சன் 1927இல் விளக்கினார். எனினும் முழுக் காரணம் இன்றும் தெளிவாகவில்லை. பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களில் ஏறக்குறைய 10 வீதத்தினரை இந்நோய் பற்றுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

குடலைப் பற்றினால்

பெருங்குடலின் கடைப்பகுதியையும் மலக்குடலையுமே இது பெரும்பாலும் பற்றும். மாதவிடாய் நாட்களில் மலங்கழிக்கையில் கடும் வலி, மலச்சிக்கல் அல்லது வயிற்றோட்டம், சிலவேளை மலத்தோடு குருதி ஆகியன அறிகுறிகளாம். “பெண்ணாய்ப் பிறந்தால் பொறுக்கத்தானே வேண்டும்” என்று மூத்தோர் ஆறுதல் கூற, ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

ஆபத்து எப்போது?

மிக அரிதாக, இவ்விழையம் அரித்த இரத்தக் குழாய் வெடித்து வயிற்றறைக்குள் குருதி பெருகும். கர்ப்ப காலத்தின் பிற்பகுதியிலும் இவ்வாறு நேர்வதுண்டு. வெளியே ஒரு துளியும் தோன்றாதிருக்கலாம். திடீரென எழும் கடும் வயிற்றுவலி, முகம் வெளிறுதல், குளிர்ந்த வியர்வை, விரைந்த நாடி, மயக்கம், சிலருக்குத் தோள் நுனியில் வலி ஆகியனவே எச்சரிக்கைகள். குடல்வளரி அழற்சியையும், கருப்பைக்கு வெளியே கரு தங்குவதையும் இது ஒத்திருப்பதால், சத்திரசிகிச்சையின்போதே மருத்துவர் உண்மையை அறிவதும் உண்டு.

இந்நிலையில் கசாயம் காய்ச்சிப் பொழுதைப் போக்கலாகாது. உண்ணவும் பருகவும் எதுவும் கொடுத்தலாகாது. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். குருதியேற்றலும் சத்திரசிகிச்சையும் காலத்தோடு கிடைப்பின் உயிரைக் காக்கலாம்.

வலியை மறைக்க வேண்டாம்

நோயை அடியோடு நீக்கும் மருந்து இல்லையாயினும், ஓமோன் மருந்துகளும் சத்திரசிகிச்சையும் துன்பத்தைத் தணிக்கும். மாதந்தோறும் வலி வரும் நாளையும் அதன் தன்மையையும் கொப்பியிற் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். மகள் வலியென்று சொல்லும்போது நாணத்தால் அவள் வாயை அடைக்காதிருப்பதே தாய் செய்யும் முதல் மருத்துவம்.