மேற்கே ஓடும் நருமதை

சென்னையிலிருந்து டில்லிக்கு இரயிலில் செல்லும் நாம், இடார்சியைக் கடந்ததும் போபாலுக்கு முன்பாக ஓர் அகன்ற ஆற்றைத் தாண்டுகிறோம். அதுவே நருமதை. காவிரியும் வைகையும் கிழக்கே ஓடக் கண்டு வளர்ந்த நமக்கு, இந்நதி மேற்கே ஓடுவது வியப்பளிக்கும்.

நிலத்தின் அமைப்பே இதற்குக் காரணம். வடக்கே விந்தியம், தெற்கே சாத்பூரா; இவ்விரு மலைத்தொடர்களுக்கிடையே நிலம் பிளவுற்றுத் தாழ்ந்ததால் நீண்ட பள்ளத்தாக்கு ஒன்று உண்டாயிற்று. மத்தியப் பிரதேசத்தின் அமரகண்டகத்தில் தோன்றும் நருமதை, அப்பள்ளத்தாக்கைப் பற்றிக்கொண்டு சுமார் 1,312 கிலோமீட்டர் ஓடி, குஜராத்தில் கம்பாத் வளைகுடாவை அடைகிறது. அதே மலைப்பகுதியில் தோன்றும் சோன் நதியோ வடக்கே சென்று கங்கையில் கலக்கிறது.

1961இல் அடிக்கல் நாட்டப்பெற்று 2017இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பெற்ற சர்தார் சரோவர் அணை, நருமதையின் நீரை வறண்ட கட்சுப் பகுதிக்கும் அனுப்புகிறது. அங்கே தாகம் தணிந்தது. அணைக்கு மேற்புறத்திலோ கரையோர ஊர்கள் பல மூழ்கின. பிழைப்புக்காக ஊரைப் பிரிந்து வந்தவர்கள் நாம். எனினும், விடுமுறையில் திரும்பிச் செல்ல நமக்கு ஊர் இருக்கிறது; அம்மக்களின் ஊரோ நீரின் அடியில் இருக்கிறது. பாலத்தைக் கடக்கும் அச்சிறு பொழுதில் இரண்டையும் நினைப்போமாக.