இளையராஜாவும் கேசட் காலத்து ரசிகர்களும்

எங்க காங்கேயம் பக்கம் டவுன் பஸ்ஸில் ஏறினால் இளையராஜா பாட்டு ஓடாத டிரிப் குறைவுங்க. இத்தனை பாசம் வைத்தவர்களுக்கும் அவருக்கும் ஏன் அடிக்கடி மனஸ்தாபம் வருது?

2017 மார்ச்சில் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த எஸ்.பி.பி.க்கு, அனுமதியில்லாமல் தன் பாடல்களைப் பாடக்கூடாதென்று ராஜா தரப்பு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. எஸ்.பி.பி. அதை பேஸ்புக்கில் எழுதினார். ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். "காசு ஆசை"ங்கிறது ஒரு கட்சி, "அவர் உரிமை"ங்கிறது இன்னொன்று. 2024இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்துக்கு நோட்டீஸ் போனபோதும் இதே சண்டைதான்.

சட்டம் என்ன சொல்லுது? 'அன்னக்கிளி' வந்தது 1976. அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், படத்துக்காகக் கூலி வாங்கி அமைத்த இசை தயாரிப்பாளருக்கே சொந்தம். அவருடைய பெரும்பாலான பாடல்கள் இந்த நிழலில் பிறந்தவை. திரையரங்குக்கு வெளியே பாட்டு சம்பாதிப்பதில் இசையமைப்பாளருக்கும் ராயல்டி பங்கு உண்டென்று சட்டம் திருத்தப்பட்டது 2012இல்.

நாங்க என்ன செய்தோம்? ரெக்கார்டிங் கடைக்கு லிஸ்ட் எழுதிக் கொண்டுபோய் 60, 90 நிமிட கேசட்டில் பதிந்து வாங்கினோம். கம்பெனி கேசட்டில் ஒன்றிரண்டு படம்தான் இருக்கும். நமக்கு வேண்டியது பத்துப் படத்துப் பாட்டு. கடைக்காரருக்குப் பதிவுக்கூலி கிடைத்தது, இசையமைத்தவருக்கு ஒரு பைசா கிடையாது. ஆனா அந்த லிஸ்ட்டை நாமளே எழுதினதால பாட்டும் நம்மளோடதுன்னு ஆகிப்போச்சு. நோட்டீஸ் வந்ததும் சுருக்கென்றது அதனால்தான் என்பது என் கணிப்பு. என் வரைக்கும் நியாயம் அவர் பக்கம். நண்பனுக்கு வக்கீல் வழியா சொன்ன விதம்தான் பிடிக்கல. 2019 ஜூனில் இருவரும் ஒரே மேடையில் நின்றபோது இரண்டு கட்சியுமே கைதட்டினது.

"இனி கல்யாணத்துல பாட முடியாதா?"ன்னு கேட்பவர்களுக்கு: 1957ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டம் உண்மையான சமயச் சடங்குகளுக்கு விலக்கு தருது. கல்யாண ஊர்வலமும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடங்கும். டிக்கெட் போட்ட கச்சேரி அடங்காது. மாரியம்மன் பொங்கலுக்கு ராத்திரி நடக்கும் ஆர்கெஸ்ட்ரா சடங்கா, பொழுதுபோக்கா என்று வாதாட இடமிருக்கு. நான் பார்த்தவரை, எங்க ஊர்ப்பக்கம் யாரும் அதை யோசிச்சு மைக்கைப் பிடிக்கிறதில்லை.