குவாரிக் கழிவுக் கல்லும் கிணற்று நீரும்

நம் மாவட்டத்தில் கல்குவாரிகளை அடுத்து நிலமும் கிணறும் உடைய அங்கத்தினர் பலர் உளர். கழிவுக் கல் குவிந்து கிடக்கும் மேட்டின் கீழ்ச்சரிவிலே தங்கள் கிணற்று நீர் கெட்டுப்போயிற்று என அவர்கள் முறையிடுவதுண்டு. இந்நிலத்து நீர் என்றுமே இத்தகையதே என்பது எதிர்த்தரப்பினர் கூறும் மறுமொழி. இவற்றுள் எது மெய் என்பதை அறியும் முறை ஒன்று உண்டு.

பாறையாக இருக்கும் கல் எளிதில் கரைவதில்லை. வெடிவைத்துத் தகர்த்தபின் அதன் புதுமுகங்கள் பல மடங்கு பெருகி, மழைக்கும் காற்றுக்கும் ஆளாகின்றன. அப்போது கரைந்து இறங்குவது இன்னது என்பது கல்லின் இனத்தைப் பொறுத்தது. மேகாலயத்தின் ஜயந்தியா மலைகளில், நிலக்கரியுடன் கிடந்த கந்தகத் தாது வெளிப்பட்டு ஓடைநீரை அமிலமாக்கியது. சேலத்தில் வெள்ளைக்கல் எடுத்தபின் எஞ்சும் டூனைட் கல்லில் மக்னீசியம் மிகுதி, குரோமியமும் உண்டு. ஆயின் அந்நிலத்தடிப் பாறையும் அதே இனமாதலால், குவியல் இல்லாத இடத்து நீரிலும் மக்னீசியம் இருக்கவே செய்யும்.

புதுக்கோட்டைக் குவாரிகளில் உடைபடுவது பெரும்பாலும் கருங்கல்லினம். அதில் கந்தகத் தாது அரிதாகையால் அமிலத்தைப் பற்றிய அச்சம் சிறிதே. இங்கு முதலில் ஐயுற வேண்டுவது வெடிமருந்தை. அதிலுள்ள அம்மோனியம் நைட்ரேட்டில் எரியாது எஞ்சிய பங்கு கல்லில் ஒட்டிக் கிடந்து, மழையில் கரைந்து விடுகிறது. நைட்ரேட் நாம் இடும் யூரியாவிலிருந்தும் மாட்டுத் தொழுவிலிருந்தும் வரும் என்பதையும் மறத்தல் கூடாது. நம் வயல் உரத்தின் குற்றத்தைக் குவாரியின் தலையில் ஏற்றினால் முறையீடு நில்லாது.

ஆகவே ஒரு கிணற்றின் நீரை ஒருமுறை சோதித்துப் பயனில்லை. குவியலுக்கு மேற்புறத்தில் ஒன்றும் கீழ்ப்புறத்தில் இரண்டும் ஆகக் குறைந்தது மூன்று கிணறுகள் வேண்டும். அவற்றைச் சூழ்ந்த பயிரும் உரமும் கூடியவரை ஒத்திருத்தல் நலம். கருங்கல் நிலத்தில் நீர் வெடிப்புகளின் வழியே செல்வதால், அருகிலுள்ள கிணறு தப்பித் தொலைவிலுள்ளது கெடுவதும் உண்டு. கோடையில் ஒருமுறையும், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை மாதத்தில் ஒருமுறையும் நீர் எடுக்க வேண்டும்.

எல்லாவற்றினும் முக்கியமானது, குவியல் எழுமுன் எடுத்த சோதனை. முன்னிருப்பு எழுதாத பேரேட்டைத் தணிக்கை செய்ய எம்மால் இயலாது; கிணற்றின் கணக்கும் அத்தகையதே. குவாரிக்கு அனுமதி கோரப்படுகிறது என்ற செய்தி கேட்டவுடனேயே நீரைச் சோதித்து வைப்போர் மிகச் சிலரே.

மோட்டாரைக் கால் மணி நேரம் ஓட்டிய பின், அந்நீராலேயே புட்டியை மும்முறை கழுவி நிரப்புக. வெயில் படாது வைத்து மறுநாளைக்குள் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்திற் சேர்ப்பிக்கலாம். உலோகங்களுக்கான புட்டியில் அமிலம் சேர்க்க வேண்டியிருப்பதால் அதனை ஆய்வுக்கூடத்தாரிடமே கேட்டுப் பெறுக. இந்தியத் தர நிர்ணயத்தின் 2012-ஆம் ஆண்டு அளவுப்படி, குடிநீரில் லிட்டருக்கு நைட்ரேட் 45 மில்லிகிராமுக்கும், குரோமியம் 0.05 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது. கடினத்தன்மை 200 வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாவிடத்து 600 வரை பொறுக்கலாம்.

நெசவாளருக்கு 600 என்பது ஆறுதல் அன்று. குடிக்கத் தகும் அந்நீரிலும் சோப்பு நுரைக்காது. சாயம் நூலில் திட்டுத்திட்டாகப் படியும். சாயம் இடுவோர் கடினத்தன்மையையும் இரும்பையும் தனியே சோதிக்கச் சொல்ல வேண்டும்.

சோதனைச் செலவைச் சில அங்கத்தினர் கூடிப் பகிர்ந்துகொள்ளலாம். தேதி, கிணற்றின் சர்வே எண், ஆழம், அவ்வாரம் பெய்த மழை, அண்மையில் இட்ட உரம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி, முடிவுத்தாளையும் உடன் ஒட்டி, சங்க அலுவலகத்தில் வைத்திருப்பின் ஆட்சியரிடமோ மாசு கட்டுப்பாட்டு வாரியத்திடமோ முறையிடும் நாளில் எடுத்துக்காட்ட உதவும்.