பள்ளியை நாடி வரும் அலுவலர்

பட்டம் பெற்றதும் ஆசிரியர் வேலை, வங்கி வேலை, நெய்வேலிச் சுரங்க வேலை என்றே நம் பக்கத்து மாணவர்கள் எண்ணுகிறார்கள். பள்ளிகளை மேற்பார்வையிடும் பணியும் நமக்கு எட்டக்கூடியதே என்பதைப் பலர் அறியார். என்னைப் போல் முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்களுக்கு அதை எடுத்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. ஆகவே இக்கட்டுரை.

குறிஞ்சிப்பாடி போன்ற வட்டாரந்தோறும் வட்டாரக் கல்வி அலுவலர் இருக்கிறார். உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் என்று முன்பு அழைக்கப்பட்டவர் இவரே. தொடக்க, நடுநிலைப் பள்ளிகளை ஆய்வு செய்வதும், ஆசிரியர்களின் ஊதியம், விடுப்பு முதலியவற்றைக் கவனிப்பதும் இவர் பணி. இவருக்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர். அவருக்கும் மேல் முதன்மைக் கல்வி அலுவலர்.

இப்பணிக்கு வழி என்ன? நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர்கள் பதவி உயர்வால் வட்டாரக் கல்வி அலுவலர் ஆகலாம். ஆசிரியர் தேர்வு வாரியம் நேரடியாகவும் தேர்வு நடத்துகிறது, 2023இலும் நடத்தியது. கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் போன்ற பாடங்களில் பட்டமும், அதன்பின் ஈராண்டு பி.எட். படிப்பும் வேண்டும். மாவட்டக் கல்வி அலுவலர் பதவிக்குத் தேர்வாணையத்தின் 'குரூப் 1சி' தேர்வு உண்டு; அதற்கு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் தேவை.

பதவி கிடைத்தால் போதுமா? ஆய்வாளர் என்றால் குறை காண வருபவர் என்ற அச்சம் பள்ளிகளில் நெடுநாளாக உண்டு. அதை மாற்றிக் காட்டியவர் நெ. து. சுந்தரவடிவேலு. கீழ்நிலைப் பள்ளி ஆய்வாளராகக் கல்வித்துறையில் நுழைந்த அவர், 1954இல் காமராசர் ஆட்சியில் கல்வி இயக்குநரானார். 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்திலும், 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும் முன்நின்று உழைத்தார். அம்மாநாடுகளில் ஊர் மக்களே பலகையும் இருக்கையும் கட்டடமும் பள்ளிக்கு வழங்கினர். பள்ளியில் இல்லாததைக் குறித்துக்கொண்டு போவதோடு நில்லாமல், அதைக் கொண்டுவந்து சேர்ப்பதே மேற்பார்வை என்று அவர் காட்டினார்.

தறி நெய்வோர், முந்திரித் தோப்பில் உழைப்போர், ஒப்பந்தத் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகள் படிப்பவை நம் ஊர் அரசுப் பள்ளிகள். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர் பல நாள் விடுபட்டிருந்தால், அப்பிள்ளை எந்த வேலைக்குப் போனான் என்று கேட்கும் அலுவலர் வேண்டும். அந்த வீடுகளை அறிந்தவர்க்கு அக்கேள்வி தானே எழும். நண்பர்களே, அறிவியல் பட்டத்தோடு அந்த அறிவும் நம்மிடம் உண்டு. இன்றே முயல்வோம்!