போறணை இல்லாமல் வாழைப்பழப் பாண்

இடம்பெயர்ந்து போய் இருக்கும் காணியில் நாம் முதலில் நடுவது பெரும்பாலும் வாழைதான். ஏறக்குறைய ஒரு வருடத்தில் குலை தந்துவிடும். ஆனால் குலை பழுக்கத் தொடங்கினால் நாலைந்து நாட்களில் எல்லாச் சீப்பும் கனிந்துவிடும். தோல் கறுத்த பழத்தைச் சந்தையில் எவரும் வாங்கார். மாட்டுக்குப் போடுகிறோம், அல்லது எறிகிறோம். உண்மையில் அந்தப் பழத்தில்தான் இனிப்பு அதிகம். காயிலிருந்த மாப்பொருள் சீனியாக மாறியிருக்கும். அதைத் தேசிக்காயுடன் சேர்த்துப் பாணாகச் சுடும் முறையை இங்கே தருகிறோம்.

தேவையான பொருட்கள்

கோதுமை மா 250 கிராம், சீனி 125 கிராம், நன்கு கனிந்த கதலி 5 அல்லது 6 (மசித்தால் ஒரு தேநீர்க் கோப்பை அளவு), முட்டை 2, தேங்காய் எண்ணெய் 5 மேசைக்கரண்டி, தேசிக்காய்ப் புளி 2 மேசைக்கரண்டி, அப்பச்சோடா மட்டமாக ஒரு தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி. ஒரு தேசிக்காயின் பச்சைத் தோலையும் துருவி எடுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கைக்கும். அதைச் சேர்க்க வேண்டாம்.

ஏன் புளி?

கடைப் பாணை ஈஸ்ட் பொங்கச் செய்கிறது. அதற்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே அந்த வேலையை அப்பச்சோடா செய்கிறது. சோடா புளியுடன் சேர்ந்ததும் வாயு உண்டாகி மாவைப் பொங்கவைக்கும். சோடா கூடினால் சவர்க்காரம் போல ருசிக்கும். கலந்ததும் தாமதியாமல் சுடுங்கள். ஆறவிட்டால் வாயு போய்விடும், பாண் கட்டியாகிவிடும்.

செய்முறை

மா, சோடா, உப்பு மூன்றையும் சேர்த்து அரியுங்கள். வேறு பாத்திரத்தில் பழத்தை மசித்து, சீனி, எண்ணெய், அடித்த முட்டை, தேசிக்காய்ப் புளி, துருவிய தோல் ஆகியவற்றைக் கலவுங்கள். அடுப்பு ஆயத்தமான பின்னரே மாவை இதனுடன் சேர்க்க வேண்டும். உலர்ந்த மா மறையும்வரை அகப்பையால் கிளறினால் போதும். ரொட்டிக்குப் போலப் பிசைந்தால் இறப்பர் போலாகிவிடும். எண்ணெய் பூசிய தட்டில் பாதிக்குச் சற்று மேலாக ஊற்றுங்கள்.

சட்டியே போறணை

பெரிய கனமான சட்டியில் ஒரு அங்குல உயரத்துக்கு உலர்ந்த மணல் பரப்பி, மூன்று சிறு கற்களை வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பின் தட்டைக் கற்களின் மேல் வைத்து இரும்பு மூடியால் மூடுங்கள். கீழே எரியும் விறகை இழுத்துவிட்டுச் சிறிது தணல் மட்டும் விடுங்கள். மூடியின் மேல் சிரட்டைத் தணலை அதைப்போல இரண்டு மடங்கு போடுங்கள். நாம் முதல்முறை சுட்டபோது கீழே நெருப்பு கூடிவிட்டது. அடி கருகி, நடு பச்சையாகவே இருந்தது. மேல்தணல் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

முக்கால் மணிக்குப் பின் நடுவில் ஈர்க்கு குத்திப் பாருங்கள். மா ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. ஒட்டினால் இன்னும் பத்து நிமிடம் விடுங்கள். நன்கு ஆறிய பின் வெட்டுங்கள்.

கவனிக்க வேண்டியவை

கிடுகுக் கொட்டிலுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ தணல் வைத்துச் சுடவே கூடாது. ஒரு பொறி போதும், மிஞ்சியிருக்கும் பொருளும் போய்விடும். வெளியில், காற்று மறைவில் சுடுங்கள். அருகில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். கூரைக்குப் போடும் நாகம் பூசிய தகரத்தை மூடியாகப் பாவிக்க வேண்டாம். கடும் சூட்டில் அதிலிருந்து வரும் புகை தீங்கானது.

எமது வெக்கையில் இந்தப் பாண் இரண்டு நாளைக்கு மேல் நில்லாது. விற்க விரும்புவோர் முதலில் ஒரு பாண் சுட்டு, மா, சீனி, முட்டை, எண்ணெய், விறகு எல்லாவற்றின் விலையையும் எழுதிக் கூட்டிப் பாருங்கள். உங்கள் உழைப்புக்கும் ஒரு கூலி போடுங்கள். 2022 இல் மா விலை ஏறியபோது கணக்கெழுதாதவர்கள் நட்டத்தை அறியாமலே விற்றார்கள். கணக்குச் சரிவந்தால் நாலு வீட்டார் சேர்ந்து ஒரே தணலில் அடுத்தடுத்துச் சுடலாம்; விறகும் மிஞ்சும், எறியும் பழமும் பிள்ளைகளின் வயிற்றுக்குப் போகும்.