நானூறு தகடா, நானூறு கிலோவா?

வேலை விளம்பரம் எதைத் திறந்தாலும் "ஈஆர்பி அனுபவம் தேவை"ன்னு ஒரு வரி இருக்கு. அந்த ஈஆர்பி ஒரு கம்பெனிக்குள்ள என்னதான் பண்ணுது? இந்த வாரம் அதைத்தான் பேசப்போறோம். படம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்குறதுக்கு யூடியூபில் ஆயிரம் பேர் இருக்காங்க. நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்றேன். அது எந்தெந்த டிபார்ட்மென்ட்டுக்குள்ள போச்சு, யார் வீட்டுக் கதவைத் தட்டுச்சுன்னு பார்த்தாலே ஈஆர்பி என்னன்னு புரிஞ்சிடும்.

எனக்குச் சொந்த ஊர் பெரியபாளையம். பவானி அம்மன் கோயில் இருக்கிற அதே பெரியபாளையம். ஆடி மாதம் வந்துவிட்டால் எங்கள் ஊர் எங்களுக்கே சொந்தமில்லை. சனிக்கிழமை சாயங்காலமே வண்டி வண்டியாக ஜனம் வந்து இறங்கும். ராத்திரி தங்கி, காலையில் வேப்பஞ்சேலை கட்டி, பொங்கல் வைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் பத்துப் பதினைந்து சொந்தக்காரர்கள் படுத்திருப்பார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் நான் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு நடுத்தரக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் அசிஸ்டென்ட். பேர் வேண்டாம். இரும்புத் தகட்டை பிரஸ்ஸில் அடித்து வண்டிப் பாகம் செய்கிற இடம். ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, திருவள்ளூர் காக்களூர் தொழிற்பேட்டையிலிருந்து தகடு ஏற்றிக்கொண்டு ஒரு லாரி கிளம்பியது. பெரியபாளையம் வழியாகத்தான் வரவேண்டும். கோயில் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, மதியம் இரண்டு மணிக்கு வரவேண்டிய லாரி ராத்திரி ஏழரைக்கு கேட்டுக்கு வந்தது. எனக்கு ஷிப்ட் முடிந்துவிட்டது. வீட்டில் அத்தை, சித்தப்பா எல்லோரும் வந்தாச்சு. சரக்கை இறக்கி, எண்ணி, சிஸ்டத்தில் ஜிஆர்என் போட்டேன். ஜிஆர்என் என்றால் "சரக்கு வந்து சேர்ந்தது" என்கிற சீட்டு. டெலிவரி சலானில் "400 தகடு" என்று இருந்தது. அளவு என்ற கட்டத்தில் 400 என்று தட்டினேன். சேவ். பைக்கை எடுத்தேன்.

அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் "கிலோ" என்று இருந்தது.

ஒரு தகடு இரண்டு மில்லிமீட்டர் கனம், 625க்கு 1250 மில்லிமீட்டர் அளவு. எடை சுமார் 12.27 கிலோ. நானூறு தகடு என்றால் 4,906 கிலோ. கிட்டத்தட்ட ஐந்து டன் இரும்பு கண்ணெதிரே கிடக்கிறது, சிஸ்டத்துக்குத் தெரிந்தது நானூறு கிலோ.

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, பழைய முறையைச் சொல்லிவிடுகிறேன். ஈஆர்பி வருவதற்கு முன்பு எங்கள் கம்பெனியில் ஒரே லாரியை நாலு பேர் நாலு இடத்தில் எழுதினோம். கேட்டில் செக்யூரிட்டி அண்ணன் நோட்டில். ஸ்டோர்ஸில் நான் பின் கார்டில். பர்ச்சேஸில் எக்ஸலில். அக்கௌண்ட்ஸில் டாலியில். உற்பத்தி சூப்பர்வைசர் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை வைத்திருந்தார், அது ஐந்தாவது. மாசக் கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து "உன் நம்பர் சரியா, என் நம்பர் சரியா"ன்னு சண்டை போடுவோம். டீ மூன்று ரவுண்டு போகும்.

ஈஆர்பியின் அடிப்படை யோசனை இந்தச் சண்டையை ஒழிப்பதுதான். ஒரு தகவலை ஒரே ஒரு முறை, அது நடக்கிற இடத்தில், நடக்கிற நேரத்தில் பதிவு செய். மற்ற எல்லோரும் அதே பதிவைப் பார்க்கட்டும். அவ்வளவுதான். மீதி எல்லாம் திரையும் பட்டனும்.

இந்த யோசனை புதுசு இல்லை. 1972இல் ஜெர்மனியில் ஐபிஎம்மை விட்டு வெளியே வந்த ஐந்து இன்ஜினியர்கள் எஸ்ஏபி என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். முதல் வாடிக்கையாளர் ஐசிஐ கம்பெனியின் நைலான் ஆலை. இவர்களிடம் சொந்தக் கம்ப்யூட்டர்கூட இல்லை. வாடிக்கையாளரின் கம்ப்யூட்டரில்தான் வேலை பார்த்தார்கள். அதுவரை தகவலை அட்டையில் துளைபோட்டு, ராத்திரி மொத்தமாக மெஷினில் ஓட்டி, மறுநாள்தான் விடை பார்ப்பார்கள். இவர்கள் உடனுக்குடன் திரையில் பார்க்கலாம் என்றார்கள். எஸ்ஏபி ஆர் த்ரீ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த ஆர், ரியல் டைம் என்பதன் முதல் எழுத்து. ஈஆர்பி என்ற பேரே 1990இல்தான் வந்தது, கார்ட்னர் நிறுவனம் வைத்தது. நம்ம ஊரும் சும்மா இருக்கவில்லை. ராஜபாளையத்து ராம்கோ குழுமம் 1990களிலேயே சென்னையில் 'மார்ஷல்' என்று சொந்தமாக ஒரு ஈஆர்பி எழுதி விற்றது. இந்தக் கதையைத் தனி எபிசோடாகவே செய்யலாம், செய்வோம்.

சரி, என் நானூறுக்கு வருவோம். நான் சேவ் பட்டனை அழுத்தியதும் என்னென்ன நடந்தது?

முதலில் சரக்கு இருப்பு ஏறியது, 4,906க்குப் பதில் 400. அதே நொடியில், நான் அறியாமலே, கணக்குப் புத்தகத்தில் ஒரு பதிவு விழுந்தது: சரக்கு மதிப்பு பற்று, இன்னும் பில் வராத சப்ளையர் பாக்கி வரவு. பி.காம் படித்தவர்களுக்குப் புரியும். அன்றுவரை நான் மூட்டை எண்ணுகிறவன் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் நான் கம்பெனியின் கணக்கை எழுதிக்கொண்டிருந்தேன். ட்ரெய்னிங் கொடுத்த யாரும் இதை என்னிடம் சொல்லவில்லை.

அடுத்தது குவாலிட்டி. அவர்கள் திரைக்கு "400 பரிசோதிக்கவும்" என்று போனது. இன்ஸ்பெக்டர் வந்து தகடுகளைப் பார்த்தார், நானூறு இருந்தது, ஓகே போட்டார். அவரும் அந்தச் சின்ன எழுத்தைப் பார்க்கவில்லை.

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் சிஸ்டம் தானாக ஒரு கணக்கு போடும். அடுத்த மாதம் எத்தனை பாகம் அடிக்கணும், ஒரு பாகத்துக்கு எவ்வளவு தகடு, கையில் எவ்வளவு இருக்கு, எவ்வளவு வாங்கணும். இதை எம்ஆர்பி என்பார்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் விலை இல்லை, தேவைக் கணக்கு. அது கையிருப்பைப் பார்த்து, "ஐயோ நாலரை டன் பற்றாக்குறை"ன்னு பரிந்துரை போட்டது. திங்கட்கிழமை காலை பர்ச்சேஸில் ஒருத்தர் அந்தப் பரிந்துரையை அப்படியே ஆர்டராக மாற்றி வேறொரு வியாபாரிக்கு அனுப்பினார். பழைய காலமா இருந்தால் "தம்பி, காக்களூர் சரக்கு வந்துச்சா?"ன்னு எனக்கு ஒரு போன் அடித்திருப்பார். இப்போது எதுக்கு போன்? திரையில்தான் இருக்கே.

இதைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஈஆர்பி டிபார்ட்மென்ட்டுகளை இணைக்கிறது, உண்மை. ஆனால் இணைத்த அன்றே அவர்களுக்கு இடையில் இருந்த போன் காலை நிறுத்திவிடுகிறது. அந்த போன் காலில்தான் பாதித் தப்புகள் பிடிபட்டுக்கொண்டிருந்தன.

"4,906 கிலோ ஆர்டருக்கு 400 போட்டால் சிஸ்டம் கத்தாதா?"ன்னு நீங்கள் கேட்பீர்கள். கத்தாது. அதிகமாகப் போட்டால் தடுக்கும். குறைவாகப் போட்டால், சப்ளையர் பாதிச் சரக்கு அனுப்பியிருக்கார், மீதி பின்னால் வரும் என்று எடுத்துக்கொள்ளும். அதில் தப்பே இல்லை, தவணையாகச் சரக்கு வருவது சகஜம்.

பழைய சரக்கு கொஞ்சம் இருந்ததால் உற்பத்திக்கும் உடனே பிரச்சினை தெரியவில்லை. இடியை வாங்கியது அக்கௌண்ட்ஸ் திரை. ஒரு பில்லுக்குப் பணம் போகணும் என்றால் மூன்று காகிதம் ஒத்துப்போக வேண்டும்: நாம் கொடுத்த ஆர்டர், சரக்கு வந்த ஜிஆர்என், சப்ளையர் அனுப்பிய பில். ஆர்டர் 4,906. பில் 4,906. ஜிஆர்என் 400. சிஸ்டம் பில்லைப் பூட்டிவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்த மென்பொருள் ஒரு மனுஷனின் பணத்தை நிறுத்தியது.

அந்த மனுஷன் காக்களூரில் ஆறு பேரை வைத்துத் தகடு வெட்டிக் கொடுக்கிறவர். சனிக்கிழமை சம்பளம் கொடுக்கணும். பர்ச்சேஸுக்கு போன் போட்டார். "சிஸ்டத்துல சரக்கு கம்மியா வந்திருக்கு சார், ஸ்டோர்ஸ்ல கேளுங்க." அக்கௌண்ட்ஸுக்குப் போட்டார். "மேட்ச் ஆகலை சார், ஸ்டோர்ஸ்ல கேளுங்க." ஸ்டோர்ஸ் நம்பர் அவரிடம் இல்லை. மூன்றாவது வாரம் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் அவரே வந்துவிட்டார். என் மேஜை மேல் எடை மேடைச் சீட்டை வைத்தார். லாரியின் மொத்த எடை, காலி எடை, கழித்தால் வருகிற எடை, எல்லாம் அதில் இருந்தது.

"தம்பி, நான் கொடுத்தது தகடா, கிலோவா?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. உடனே திருத்தலாம் என்று போனால், அந்த மாதக் கணக்கை மூடியாச்சு. மூடிய மாதத்தில் கை வைக்க ஃபைனான்ஸ் தலைமை அனுமதி வேண்டும். அதற்கு நாலு நாள். அதற்குள் பர்ச்சேஸ் போட்ட இரண்டாவது ஆர்டரின் இரும்பு வந்து இறங்கியது. வைக்க இடமில்லை. யார்டில் தார்ப்பாய் போட்டு மூடினோம். கடல் காற்றும் சாயங்கால மழையும் சேர்ந்து ஓரமெல்லாம் துரு.

உலகத்தில் பெரிய பெரிய ஆளுங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1999இல் அமெரிக்காவின் ஹெர்ஷீஸ் சாக்லேட் கம்பெனி 11.2 கோடி டாலர் செலவழித்துப் புது மென்பொருள் போட்டது. நாலு வருஷ வேலையை இரண்டரை வருஷத்தில் முடிக்கப் பார்த்து, சாக்லேட் அதிகம் விற்கும் ஹாலோவீன் சீசனுக்குச் சற்று முன்பு தொடங்கினார்கள். சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை நேரத்துக்கு அனுப்ப முடியவில்லை. சாக்லேட் இல்லாமல் இல்லை. கிடங்கில் இருந்தது, சிஸ்டத்துக்குத்தான் அது சரியாகத் தெரியவில்லை. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்ததை ஒத்துக்கொள்கிறேன்.

தப்பு முழுக்க என்னுடையதா? சின்ன எழுத்தைப் பார்க்காதது என் தப்புதான். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் சிஸ்டத்தில் ஒரு ஜாதகம் இருக்கும், ஐட்டம் மாஸ்டர் என்பார்கள். அதில் "1 தகடு = 12.27 கிலோ" என்று எழுத ஒரு கட்டம் உண்டு. எழுதியிருந்தால் நான் தகடு என்று தேர்ந்தெடுத்து 400 போட்டிருக்கலாம், கிலோவை அதுவே போட்டுக்கொள்ளும். அந்தக் கட்டம் காலி. ஏன்னா மாஸ்டரைத் தயாரித்தது பர்ச்சேஸும் சென்னையிலிருந்து வந்த கன்சல்டன்ட்டும், ஏசி ரூமில் உட்கார்ந்து. இரும்பை வாங்குகிறவருக்கு அது கிலோ. இறக்குகிறவனுக்கு அது தகடு. அடிக்கிறவருக்கு அது பாகம். மூன்று பேரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துக் கேட்டிருந்தால் பத்து நிமிஷ வேலை. எஸ்ஏபி எம்எம் கோர்ஸ், ஃபைகோ கோர்ஸ் என்று சேர்கிற தம்பி தங்கைகளே, ட்ரான்ஸாக்ஷன் கோடு மனப்பாடம் பண்ணுறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஏதாவது ஸ்டோர்ஸில் போய் நின்னு பாருங்க.

இன்றைக்கு இந்தச் சங்கிலி கம்பெனிச் சுவரைத் தாண்டிவிட்டது. 2023 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ளவர்கள் வேறொரு வியாபாரத்துக்குப் போடும் பில்லை அரசாங்கப் போர்ட்டலில் பதிந்து ஐஆர்என் எண் வாங்க வேண்டும். சப்ளையர் தன் ஜிஎஸ்டி கணக்கில் பில்லைக் காட்டாவிட்டால், வாங்கிய கம்பெனி அந்த வரிக் கழிவை எடுக்க முடியாது. இன்னொன்று, என் காக்களூர் அண்ணாச்சிக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 2006ஆம் ஆண்டு குறு, சிறு நிறுவனச் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி மாற்றம், அப்படித் தாமதமான தொகையைக் கொடுத்த வருஷத்தில்தான் செலவாகக் காட்டலாம் என்கிறது. சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் நாள் ஓடத் தொடங்கும். அந்த நாளை சிஸ்டத்தில் தட்டுகிறவர், ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் இருக்கிற ஒரு ஸ்டோர்ஸ் பையன்.

நாங்கள் அதற்கப்புறம் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாத் தகட்டுக்கும் அந்தக் காலிக் கட்டத்தை நிரப்பினோம். பிரஸ் சூப்பர்வைசரையும் கூட்டி வந்தோம். அவர் தன் வெள்ளைப் பலகையிலிருந்து சொல்லச் சொல்ல நான் தட்டினேன். இரண்டு பொருளுக்கு எடையே தப்பாக இருந்தது. தராசில் போட்டுப் பார்த்துத் திருத்தினோம்.

காக்களூர் அண்ணாச்சிக்குப் பணம் போய்ச் சேர்ந்தபோது ஆவணி பிறந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவே இல்லை. அடுத்த லோடு வந்தபோது சலானைப் பார்த்தேன். மேலே சிவப்பு மையில், பெரிய எழுத்தில், இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தார்: "400 தகடு. 4,906 கிலோ. தம்பி பார்த்துப் போடவும்."