மண்ணடியில் மறைந்த மூலதனம்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் ரஸ்தாவில் இன்று தொழிற்சாலைகள் பல எழும்பியுள்ளன. அங்கே மோட்டார் வண்டிகள் தயாராவதை அறியாதார் இல்லை. ஆயின் அப்பிரதேசத்துப் பூமியின் சரித்திரத்தை அறிந்தார் வெகு சிலரே.

பல்லவர் காலத்துச் சிற்பிகள் நரசிம்மருக்கு ஆலயம் குடைந்த குன்று, பூமியின் ஆழத்தில் பெரும் உஷ்ணத்தில் உருவான கருங்கல்லாகும். ஸ்ரீபெரும்புதூர்ப் பாறையோ வேறு ஜாதி. சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன் ஜலம் கொணர்ந்து சேர்த்த சேறும் மணலும் படிந்து இறுகியதே அது. இலைகளின் அச்சும் கடற்பிராணிகளின் ஓடும் அதில் இன்றும் காணக்கிடக்கின்றன.

இத்தகைய படிவுப் பாறைகளில் கனிப்பொருள்கள் சேரும் வழிகளில் மூன்றை இங்கே கூறுவோம். முதலாவது, கடற்பிராணிகளின் ஓடுகள் அடியில் குவிந்து சுண்ணாம்புக்கல்லாவது. அரியலூரில் சிமெண்டுக்காக வெட்டப்படுவது இதுவே. இரண்டாவது, நீரில் அமிழ்ந்த தாவரங்கள் காற்றுப்படாமல் புதைந்து, மேற்படிந்த மணலின் பாரத்தால் பழுப்பு நிலக்கரியாவது. நெய்வேலிச் செல்வம் இவ்வகையது. மூன்றாவது, இறந்த உயிர்களிலிருந்து கரைந்த பாஸ்பரஸ் கடலடிச் சேற்றிலேயே மீண்டும் உறைவது. ஊட்டத்தூர்க் களிமண்ணில் கிடைக்கும் பாஸ்பேட் உருண்டைகள் இதற்குச் சான்று.

இயற்கை கோடிக்கணக்கான ஆண்டுகளில் சேர்த்ததை நாம் சில தலைமுறைகளில் செலவிடுகிறோம். நெய்வேலி ஸ்தாபனம் தோன்றியது 1956-ல். முதற்கரி கண்டது 1961-ல். விளைச்சல் ஆண்டுதோறும் திரும்பும். வெட்டிய கரி திரும்பாது. ஆதலின் இது வருமானமன்று, மூலதனமே என்பது நமது துணிபு.

தொழில் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சிமெண்டும் மின்சாரமுமின்றி ஒரகடத்துத் தொழிற்சாலைகள் ஏது? ஆனால் அதற்காக நிலம் இழந்தவனுக்கு எஞ்சியது என்ன? 1957-ஆம் ஆண்டுக் கனிமச் சட்டம் 2015-ல் திருத்தப்பட்டு, ஜில்லாதோறும் கனிம அறக்கட்டளை ஏற்படுத்த வழி செய்தது. சுரங்கக் குத்தகைதாரர் ராயல்டியோடு, அதில் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத தொகையை, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஜனங்களின் நன்மைக்காக அதற்குச் செலுத்தவேண்டும்.

சட்டம் ஏட்டிலிருந்தால் மட்டும் போதாது. எவ்வளவு வசூலாயிற்று, எந்தக் கிராமத்தில் என்ன செலவாயிற்று என்று ஜனங்கள் கணக்குக் கேட்கவேண்டும். கேளாதவன் உரிமை, வெட்டாத சுரங்கம்போல் மண்ணுக்குள்ளேயே கிடக்கும். தேசத்தொண்டர்கள் இதனைக் கிராம சபைகளில் எடுத்துரைப்பார்களாக.